புரூக்ளின் பாலமும் எமிலி அம்மையாரும்
(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



டிப்ளமோ முடித்து வெளியே போகிற நமக்கு முதல் வேலை என்னவாக இருக்கும்? சைட்டிலோ ஷாப் ஃப்ளோரிலோ சூப்பர்வைசர். மேலே என்ஜினியர், கீழே மேஸ்திரியும் ஆட்களும், நடுவில் நாம். மேலே இருப்பவர் சொல்வது கீழே சரியாகப் போய்ச் சேர வேண்டும். கீழே நடப்பது மேலே சரியாகப் போய்ச் சேர வேண்டும். டிராயிங்கில் ஒரு கோடு தப்பினால் ரப்பரால் அழித்து விடலாம். வாய்ச்சொல் தப்பினால் அதன் மேலேயே கான்கிரீட் போட்டு மூடி விடுவார்கள்!

இந்த நடு இடத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்று உலகத்தின் மிகப் பெரிய பாலம் ஒன்றை முடித்துக் கொடுத்தவர் ஒரு பெண். கையில் எந்தப் பட்டமும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. சம்பளப் பட்டியலில் பெயரும் இல்லை. அவர் பெயர் எமிலி வாரன் ரோப்ளிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உலகம் நினைத்துப் பார்க்கிற பெயர் அது. நம்ம பாடப் புத்தகங்களில் தொங்கு பாலம் வரும், கேபிள் வரும், பரவளைவு வரும். இந்த அம்மையார் மட்டும் வரமாட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எமிலி 1843 செப்டம்பர் 23-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள கோல்டு ஸ்பிரிங் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். கடைசிக்கு முந்தியவர் இவர். அண்ணன் கவர்னர் வாரன் ராணுவத்தில் பொறியாளராகச் சேர்ந்து பின்னால் ஜெனரல் ஆனவர். ('கவர்னர்' என்பது பதவி அல்ல, அவர் பெயரே அதுதான்!) தங்கை படிப்பில் இந்த அண்ணனுக்கு மிகுந்த அக்கறை. வாஷிங்டன் நகரில் கன்னிமாடப் பள்ளி ஒன்றில் எமிலியைச் சேர்த்தார். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அதுவே பெரிய படிப்பு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ல் அண்ணனைப் பார்க்கப் படை முகாமுக்குப் போன இடத்தில் அவருடைய உதவி அதிகாரி ஒருவரை எமிலி சந்தித்தார். வாஷிங்டன் ரோப்ளிங் என்ற அந்த இளைஞரும் பொறியாளர்தான். 1865 ஜனவரி 18-ல் திருமணம் நடந்தது.

மாமனார் ஜான் ரோப்ளிங் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்காவில் இரும்புக் கம்பி வடம் செய்யும் தொழிலை நிறுவியவர். நயாகரா ஆற்றின் மேல் ரயில் போகிற தொங்கு பாலம் கட்டிக் காட்டியவர். அப்போது நியூயார்க்கும் புரூக்ளினும் தனித்தனி நகரங்கள். நடுவே ஈஸ்ட் ரிவர். போக வர படகு ஒன்றுதான் வழி. 1866-67 குளிர்காலத்தில் ஆறு உறைந்து படகுகள் நின்றுபோனபோது, இனியும் பொறுக்க முடியாது, பாலம் வேண்டும் என்று மக்கள் கூச்சல் போட்டார்கள். 1867-ல் பாலத்துக்கான கம்பெனி அமைந்தது. ஜான் ரோப்ளிங் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,595 அடி. அதுவரை உலகில் எந்தத் தொங்கு பாலமும் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை. அதுமட்டுமல்ல, பாலங்களுக்கு இரும்புக் கம்பியையே நம்பிய காலத்தில் இவர் எஃகுக் கம்பி போடுவோம் என்றார்.

அந்தப் பாலத்தின் அஸ்திவாரத்துக்கு ஆற்றடியில் எப்படி வேலை செய்வது என்பதைப் பார்த்து வரத்தான் 1867-ல் மகனையும் மருமகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நிறைமாதக் கர்ப்பிணியான எமிலிக்கு ஜெர்மனியில் மாமனாரின் சொந்த ஊரிலேயே மகன் பிறந்தான். புகுந்த வீட்டில் கூப்பிட்டு உட்கார்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார்களா என்றால் இல்லை. ஆனால் கணவர் பார்த்ததையெல்லாம் கூடவே பார்த்தார், பேசியதையெல்லாம் கேட்டார். பின்னால் வந்த சோதனைக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்றால் மிகையாகாது.

1869 ஜூன் கடைசியில் கோபுரத்துக்கு இடம் குறிக்கப் போன ஜான் ரோப்ளிங்கின் கால், படகு வந்து மோதியதில் படகுத்துறைக் கட்டைகளுக்கு நடுவே நசுங்கியது. மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் தண்ணீர் வைத்தியம்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஜன்னி கண்டு ஜூலை 22-ல் இறந்தார். முதல் கல் வைக்கும் முன்பே தலைமைப் பொறியாளர் போய்விட்டார்! 32 வயது மகன் வாஷிங்டன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் வாஷிங்டன் ரோப்ளிங் எப்படி வேலை வாங்கினார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். எமிலியின் கதைக்கு அது மிகவும் தேவை.

கெய்சன் என்பது சிவில்காரர்களுக்குத் தெரியும். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய மரப்பெட்டியைக் கவிழ்த்து ஆற்றில் இறக்குகிறார்கள். புரூக்ளின் பக்கத்துப் பெட்டி 168 அடி நீளம், 102 அடி அகலம். உள்ளே காற்றை அழுத்தி அனுப்பினால் தண்ணீர் வெளியே தள்ளப்படும். டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அதே கதைதான். அந்தக் காற்றறைக்குள் ஆட்கள் இறங்கி ஆற்றடி மண்ணையும் பாறையையும் தோண்டுவார்கள். மேலே கோபுரத்தின் கல் அடுக்கடுக்காக ஏற ஏற, பாரத்தில் பெட்டி கீழே இறங்கிக்கொண்டே போகும். உள்ளே சூடு, இருட்டு, நாற்றம். பேசினால் குரல் கீச்சென்று மாறிப்போகும். இதற்குத் தினக்கூலி ஆரம்பத்தில் 2 டாலர். பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள்தான் இந்த வேலைக்கு வந்தார்கள்.

பாறைகள் குறுக்கே வந்து வேலை ஊர ஆரம்பித்தது. வெடி வைத்தால்தான் நகரும். ஆனால் அழுத்தக் காற்றுக்குள் வெடி வைத்தால் காது கிழிந்துவிடுமோ, பெட்டியே பிளந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். வாஷிங்டன் ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் போடவில்லை. தானே கைத்துப்பாக்கியோடு உள்ளே இறங்கிச் சுட்டுப் பார்த்தார். முதலில் சின்ன வெடிமருந்து, பிறகு கொஞ்சம் கூட. ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு ஆட்கள் தாமாகவே வேலைக்கு இறங்கினார்கள். மேலதிகாரி சொல்வதை ஆட்கள் நம்ப வேண்டுமானால் இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1870 டிசம்பரில் ஒருவர் கையிலிருந்த மெழுகுவர்த்தியிலிருந்து பெட்டியின் மரக்கூரையில் தீ பிடித்தது. அழுத்தக் காற்று ஊதிக் கொடுக்க, தீ மரத்தின் உள்ளேயே கரையான் மாதிரி அரித்துக்கொண்டு போனது. அன்று இரவு முழுக்க வாஷிங்டன் உள்ளே ஆட்களோடு நின்று தீயை அணைக்கப் பாடுபட்டார். அணைந்தது என்று எண்ணி விடிகாலையில் மேலே வந்தவர் சுருண்டு விழுந்தார். வீட்டில் படுத்திருந்தவருக்குத் தீ இன்னும் எரிகிறது என்று செய்தி வந்தது. எழுந்து வந்து பெட்டிக்குள் தண்ணீரை விடச் சொன்னார். தீ அணைந்தது, வேலையும் தப்பியது. ஆனால் அவர் உடம்பு பழையபடி ஆகவில்லை.

புரூக்ளின் பக்கம் 44 அடியில் கெட்டி நிலம் கிடைத்தது. நியூயார்க் பக்கம் அப்படியில்லை. 50 அடி, 60 அடி, 70 அடி என்று போய்க்கொண்டே இருந்தது. ஆழம் கூடக் கூட உள்ளே காற்றழுத்தமும் கூட வேண்டும். மேலே வந்த ஆட்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு துடித்தார்கள். சிலருக்குக் கால் விளங்கவில்லை. கம்பெனி வைத்திருந்த மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் கணக்கெடுத்தது மட்டும் 110 பேர். இறந்தவர்களும் உண்டு.

கோலி சோடாவை உடைத்தால் ஏன் பொங்குகிறது? அழுத்தத்தில் தண்ணீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் குமிழ் குமிழாக வெளியே வருகிறது. கெய்சனுக்குள் வேலை செய்பவன் இரத்தத்தில் நைட்ரஜன் அதே மாதிரி கரைந்திருக்கும். அவசரமாக வெளியே வந்தால் அது உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். மெதுவாக, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் தொல்லை இல்லை. பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விளக்கமாக எழுதியது 1878-ல். நியூயார்க் கெய்சனில் ஆட்கள் விழுந்தது 1872-ல். ஆறே வருஷம் பிந்திவிட்டது!

1872 மே மாதம் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதமே 78 அடி ஆழத்தில் வாஷிங்டன் ஒரு முடிவு எடுத்தார். அடிப்பாறை இன்னும் கீழே இருக்கிறது. அதுவரை போனால் இன்னும் எத்தனை பேர் சாவார்களோ! இங்கே இருக்கிற மணல் நன்றாக இறுகிய மணல். இதுவே தாங்கும், நிறுத்துங்கள் என்றார். அந்தக் கோபுரம் இன்றைக்கும் அந்த மணல் மேல்தான் நிற்கிறது.

ஆட்களை நிறுத்தினாரே தவிர, அவர் தப்பவில்லை. மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் கெய்சனுக்குள் இருந்தவர் அவர்தான் என்பார்கள். அந்த ஆண்டே படுக்கையில் விழுந்தார். வலி, வாந்தி, பார்வை மங்கல். கொஞ்ச நேரம் யாராவது பேசினாலே நரம்பு தாங்காது. தான் பிழைக்க மாட்டோம் என்றே எண்ணி, 1872-73 குளிர்காலம் முழுக்கப் படுத்தபடி பாலத்தின் மீதி வேலை ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று எழுதியும் எழுத வைத்தும் குவித்தார்.

அந்த எழுத்து வேலையில்தான் எமிலி அம்மையார் உள்ளே வருகிறார்.

ஆரம்பத்தில் அவர் செய்தது சாதாரண குமாஸ்தா வேலை. கணவர் சொல்வதை எழுதுவது, வருகிற கடிதங்களை வாசித்துக் காட்டுவது. ஆனால் வெறுமனே எழுதினால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாத சப்ஜெக்டில் நோட்ஸ் டிக்டேட் செய்தால் என்ன லட்சணத்தில் எழுதுவோம் என்று நினைத்துப் பாருங்கள்! கேபிளின் வளைவு, அதன் மேல் வரும் இழுவிசை, எஃகின் வலிமை என்று கணவர் சொல்லிக்கொண்டே போகிறார். சொல்கிறவருக்கு இரண்டாம் முறை சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. ஆகவே எமிலி படிக்க உட்கார்ந்தார். உயர்கணிதம், கேட்டனரி வளைவுக் கணக்கு, ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், பாலத்தின் ஒவ்வொரு ஸ்பெசிஃபிகேஷன். நாமெல்லாம் அரியர் வைத்துக் கும்பிட்டு வருகிற அதே பாடங்கள்தான்! அவருக்குப் பரீட்சை மட்டும் இல்லை. பரீட்சைக்குப் பதில் எதிரே பாலம் இருந்தது.

1873-ல் சிகிச்சைக்காக ஜெர்மனி போய்வந்தார்கள். அதன்பின் சில வருஷம் நியூஜெர்சியில் டிரென்டன் ஊரில் வாசம். பாலம் ஓர் ஊரில், தலைமைப் பொறியாளர் வேறோர் ஊரில்! நடுவே ஓடியதெல்லாம் எமிலி கையெழுத்தில் உள்ள கடிதங்கள். பின்பு புரூக்ளினுக்கே திரும்பி, ஆற்றைப் பார்த்த மேட்டில் கொலம்பியா ஹைட்ஸ் தெருவில் இருந்த வீட்டுக்கு வந்தார்கள். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து தொலைநோக்கியால் வாஷிங்டன் வேலையைப் பார்ப்பார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். எமிலி அதைக் குறித்துக்கொண்டு சைட்டுக்குப் போவார்.

எதிரே நிற்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். மார்ட்டின், காலிங்வுட், பெயின், மெக்னல்டி, ஹில்டன்பிராண்ட் முதலிய உதவிப் பொறியாளர்கள். எல்லோரும் அனுபவசாலிகள். 1876 ஆகஸ்டில் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே ஒரே கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து ஆற்றின் மேல் முதல் ஆளாகக் கடந்த ஃபாரிங்டன் என்ற தலைமை மெக்கானிக் வேறு. இவர்கள் நடுவே கவுன் போட்ட ஒரு பெண்மணி வந்து நின்று, இதை இப்படிச் செய்யச் சொல்கிறார் என்றால், சரி போம்மா என்று சொல்லிவிட்டு அவரவர் இஷ்டப்படி செய்திருக்க மாட்டார்களா? செய்யவில்லையே, ஏன்?

எனக்குத் தோன்றுகிற காரணத்தைச் சொல்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்வி எமிலிக்குப் புரிந்தது. செய்தி கொண்டுபோகிறவருக்குக் கேள்வி புரியாவிட்டால், இருங்க கேட்டு வந்து சொல்கிறேன் என்பார். ஒரு நாள் போய்விடும். அந்தப் பதிலிலும் ஒரு சந்தேகம் வந்தால் இன்னொரு நாள். எமிலிக்கு விஷயம் தெரிந்ததால் அங்கேயே விளக்கினார். தெரியாததை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சரியான கேள்வியாகவே கேட்டார். இன்னொன்று, தன் சரக்கை அவர் கணவர் சரக்கோடு கலந்து விற்கவில்லை. தலைமைப் பொறியாளர் முடிவு எது, தனக்குத் தோன்றுவது எது என்ற வித்தியாசம் அவருக்கும் தெரியும், எதிரே இருந்தவர்களுக்கும் தெரியும். அந்த உதவிப் பொறியாளர்களில் பெரும்பாலோர் பாலம் முடியும்வரை விட்டுப் போகவில்லை. தலைவரின் முகத்தைப் பல வருஷம் சைட்டில் பார்க்காமலே!

பாலத்துக்கு வேண்டிய இரும்பு எஃகு வேலைக்கு டெண்டர் விட்டபோது நடந்ததைப் பத்திரிகையே எழுதியது. அதுவரை எந்த மில்லும் உருட்டியிராத புதுப்புது வடிவங்கள் தேவைப்பட்டன. மில்காரர்களின் ஆட்களுக்கு அது எப்படி என்று விளங்கவில்லை. தலைமைப் பொறியாளரைப் பார்த்துக் கேட்கலாம் என்று வந்தார்கள். எதிரே வந்து உட்கார்ந்தவர் எமிலி! பல வாரமாக மண்டையைக் குடைந்த சிக்கலை அவர் உட்கார வைத்துத் தீர்த்து அனுப்பியதில் வந்தவர்கள் வாயடைத்துப் போனார்களாம்.

அப்படியென்றால் பாலத்தை டிசைன் செய்தவரே எமிலிதானா? அந்தக் காலத்திலேயே ஊரில் அப்படி ஒரு பேச்சு உண்டு. தலைமைப் பொறியாளருக்கு மூளை கலங்கிவிட்டது, மனைவிதான் எல்லாம் நடத்துகிறார் என்றார்கள். அது சரியில்லை. டிசைன் மாமனாருடையது, அதை விவரமாக வளர்த்தது கணவர். அதே சமயம் வெறும் தபால்காரி என்று சொல்வதும் அநியாயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதற்குத்தான் நம்மிடம் நல்ல பெயர் இல்லை.

கம்பி மோசடி என்று ஒரு கதை உண்டு. பரீட்சைக்கு வராது, ஆனாலும் கேளுங்கள்!

கேபிள் கம்பிக்கு டெண்டர் விடும்போது, பாலத்தின் அதிகாரிகளுக்குப் பங்கு உள்ள எந்தக் கம்பெனியும் விண்ணப்பிக்கக் கூடாது என்று டிரஸ்டிகளில் ஒருவரான ஏப்ரம் ஹியூவிட் தீர்மானம் கொண்டுவந்தார். ரோப்ளிங் குடும்பக் கம்பெனியைக் குறிவைத்த தீர்மானம் அது. கடைசியில் காண்டிராக்ட் லாயிட் ஹெய்க் என்பவருக்குப் போனது. இந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று வாஷிங்டன் முன்பே எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. கம்பி ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டர் சோதித்து நல்ல கம்பிக்குச் சான்று கொடுப்பார். வண்டி கிளம்பும். வழியில் ஒரு கட்டிடத்துக்குள் போய் நல்ல கம்பியை இறக்கிவிட்டு, தள்ளுபடியான கம்பியை ஏற்றிக்கொண்டு அதே சான்றோடு பாலத்துக்குப் போகும். நல்ல கம்பி பின்வழியாக ஃபாக்டரிக்குத் திரும்பி மறுநாள் மறுபடி சோதனைக்கு நிற்கும்! ஒரே மாப்பிள்ளையை நாலு வீட்டில் காட்டிய கதை.

1878-ல் இது பிடிபட்டபோது கெட்ட கம்பி நிறைய கேபிளுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு கேபிளிலும் ஐயாயிரத்துக்கு மேல் கம்பிகள். நடுவிலிருந்து உருவி எடுப்பது நடக்கிற காரியமா? வாஷிங்டன் கணக்குப் போட்டார். அவர் டிசைனில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 6 வைத்திருந்தார். வரும் என்று கணக்கிட்ட பாரத்தைப்போல் ஆறு மடங்கு தாங்கும் என்று அர்த்தம். கெட்ட கம்பியால் அது குறைந்து 5-க்குப் பக்கமாக வரும், ஆபத்தில்லை. இருந்தாலும் கேபிளுக்குச் சுமார் 150 கம்பி வீதம் ஹெய்க் தன் செலவில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றார். இந்த விஷயத்தில் டிரஸ்டிகளுக்குப் போன கடிதங்களும் எமிலி கைப்பட எழுதியவைதான். நாங்கள் அப்போதே சொன்னோமே என்று ஊர் கூட்டிக் கூவியிருக்கலாம். அதற்குப் பதில் என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், என்ன பரிகாரம் என்று எழுதி அனுப்பினார்கள். பத்திரிகைகளில் வந்த ஒவ்வொரு செய்தியையும் எமிலி வெட்டி ஒட்டிச் சேர்த்து வைத்தார்.

பெரிய சோதனை 1882-ல் வந்தது. எஃகு வரத் தாமதம், செலவோ ஏறிக்கொண்டே போகிறது. புரூக்ளின் மேயர் சேத் லோவுக்கு வயது 32. புது ரத்தம். தலைமைப் பொறியாளர் பல வருஷமாகக் கண்ணில் படவில்லை, அவரை மாற்றிவிட்டு மார்ட்டினை வைப்போம், இவருக்கு ஆலோசகர் என்று ஒரு கௌரவப் பதவி கொடுப்போம் என்றார். நியாயமாகப் பார்த்தால் மேயர் கேட்டதிலும் தப்பு சொல்ல முடியாது. மக்கள் பணம். வேலைக்கு வராத ஆளுக்கு எதற்குப் பதவி என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் ஜன்னலோரம் இருந்தபடியே வேலை அத்தனையும் அவர் பிடியில் இருந்தது என்பதை யார் எடுத்துச் சொல்வது? பத்து வருஷமாக டிரஸ்டிகளோடும் அதிகாரிகளோடும் பத்திரிகைக்காரர்களோடும் பேசிப் பழகியிருந்தவர் எமிலி ஒருவர்தான். கணவருக்காக இவர் பேசினார், எழுதினார், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார். 1882 செப்டம்பர் 11-ல் டிரஸ்டிகள் ஓட்டெடுத்தார்கள். வாஷிங்டன் நீடிக்கட்டும் என்று 10 பேர், வேண்டாம் என்று 7 பேர். இரண்டே பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் கதையே வேறு.

1883 மே மாதம், திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, குதிரை வண்டியில் பாலத்தை முதலில் கடந்தவர் எமிலி அம்மையார். மடியில் வெற்றிக்கு அடையாளமாக உயிருள்ள ஒரு சேவல்! வேலையாட்கள் அவரவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள். எத்தனையோ பெரிய மனிதர்கள் போகவர இருந்த பாலத்தில், அந்த ஆட்கள் தாங்களாகக் கொடுத்த மரியாதை இது. எனக்குத் திறப்பு விழாவைவிட இந்த ஊர்வலம்தான் பெரிதாகப் படுகிறது.

மே 24-ல் திறப்பு விழா. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் வந்தார், பாலத்தில் நடந்தார். வாஷிங்டன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். விழா முடிந்து ஜனாதிபதியே வீடு தேடி வந்து அவர் கையைக் குலுக்கினார். மேடையில் பேசிய ஹியூவிட் எமிலியின் பெயரைச் சொல்லி, பெண்களுக்கு மறுக்கப்பட்டு வந்த உயர்கல்வியைப் பெற்றால் அவர்களால் என்ன முடியும் என்பதற்கு இந்தப் பாலம் சாட்சி என்கிற கருத்தில் புகழ்ந்தார். அவர்தான் அந்த டெண்டர் தீர்மானம் கொண்டுவந்த ஹியூவிட் என்பதை நினைவில் வையுங்கள்! உலகம் அப்படித்தான்.

பாலம் முடிந்ததும் எமிலி வீட்டோடு இருந்துவிடவில்லை. டிரென்டனில் பெரிய வீடு கட்டும் வேலையை மேற்பார்த்தார். ரஷ்யா போய் 1896-ல் சார் மன்னர் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவைப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்ட வகுப்பில் சேர்ந்து 1899-ல் சான்றிதழ் பெற்றார். மனைவிக்குச் சட்டத்தில் உள்ள குறைபாடுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு முன், 1898-ல், மகனுக்கு எழுதிய கடிதத்தில் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்திருக்கிறார். இரண்டு என்ஜினியர்களுக்கு உள்ள மூளையும் பொது அறிவும் தனக்கு ஒருத்திக்கே உண்டு, தான் இல்லாவிட்டால் அந்தப் பாலத்தோடு ரோப்ளிங் என்ற பெயரே ஒட்டியிருக்காது என்று. பத்து வருஷத்துக்கு மேல் இன்னொருவர் சொல்லையே சுமந்து நடந்தவர், தன் சொல் என்று சொன்னது அது. தலைக்கனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1903 பிப்ரவரி 28-ல், 59 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் எமிலி இறந்தார். கோல்டு ஸ்பிரிங்கிலேயே அடக்கம் செய்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று முப்பத்தைந்து வயதில் படுக்கையில் விழுந்த வாஷிங்டன் 89 வயது வரை இருந்தார். 1921-ல், 84 வயதில், குடும்பக் கம்பெனியின் தலைவராகி மறுபடி வேலைக்குப் போனார். 1926-ல் காலமானார். புரூக்ளின் பொறியாளர் மன்றம் 1951-ல் பாலத்தில் ஒரு பலகை பதித்தது. அதில் மாமனார், கணவர் பெயர்களோடு எமிலியின் பெயரும் இருக்கிறது.

ஹெய்க் ஏமாற்றி அனுப்பிய கம்பிகளை யாரும் உருவி எடுக்கவில்லை. அவை இன்றைக்கும் அந்த நாலு கேபிளுக்குள்தான் இருக்கின்றன. கூடுதலாகக் கேட்டு வாங்கிய கம்பிகளும் அவற்றோடு சேர்ந்து பாரம் தாங்குகின்றன.